நனைந்த காகிதங்களைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கு,

சனிக்கிழமை ராத்திரி பெய்த மழையும் அதற்கு அப்புறம் நடந்ததும் காரைக்குடி வட்டாரம் முழுக்கத் தெரிந்த கதை. மழையில் நனைந்த எங்கள் ‘பர்மா 1945’ கண்காட்சி பிழைத்துக்கொண்டது. கடிதங்கள், பற்றுவரவு ஏடுகள், பழைய செய்தித்தாள்கள் எல்லாவற்றிலும் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. இன்னும் கை நடுங்குகிறது, ஆனால் நன்றியைத் தள்ளிப்போட மனசில்லை.

தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பாலிடெக்னிக் பிள்ளைகள், கூலி வாங்க மறுத்த குட்டியானை ஓட்டுநர், விடிய விடிய டீ கொடுத்தனுப்பிய கடைக்காரர், போனிலேயே வழி சொன்ன சென்னை நூலக நண்பர் எல்லோருக்கும் கும்பிடு.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். “பேரு கீரு போட்டீங்கன்னா, அப்புறம் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டதால் ஆச்சி என்றே எழுதுகிறேன். எண்பதைத் தாண்டியவர்கள்.

விடிந்ததும் ஈரக் காகிதங்களை மொட்டைமாடி வெயிலில் காயவைக்க எடுத்துப் போனோம். எதிர்ப்பட்ட ஆச்சி, “வெயில்ல போட்டா அப்பளமாட்டம் முறுக்கிக்கிரும், உள்ள கொண்டாங்க” என்று வீட்டின் உள்முற்றமான வளவைத் திறந்துவிட்டார்கள். ஆத்தங்குடித் தரையில் வரிசையாகப் பழைய வேட்டிகளை விரித்தார்கள். மேசை விசிறியைக் காகிதத்தின் பக்கம் வைக்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பினார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை நாங்கள் பிரிக்கப் போனால் கையில் ஒரு தட்டு: “அதுவா விடும், அவசரப்படாதே.” அதுவாகத்தான் விட்டது.

காயக் காய ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கவும் தொடங்கினார்கள். அவர்களுடைய அப்பச்சி, அதாவது அப்பா, ரங்கூன் மொகல் தெருவில் ஒரு செட்டியார் வட்டிக்கடையில் அடுத்தாளாக, ஏஜெண்டுக்கு உதவியாளராக இருந்தவர். ஜப்பான் படை நுழைந்த 1942இல் கிளம்ப முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டவர்.

நாங்கள் அட்டைகளில் எழுதி வைத்திருந்தது பெரிய சங்கதிகள். ஜப்பான் கொடுத்த சுதந்திரத்தில் அமைந்த, பர்மியத் தலைவர் பா மாவின் அரசு. அதே ரங்கூனில் நேதாஜியின் ஆசாத் ஹிந்த் (சுதந்திர இந்தியா) அரசு, அதற்கென ஒரு வங்கி. 1945 மார்ச் 27இல் ஜப்பானுக்கு எதிராகத் திரும்பிய, பர்மியத் தளபதி ஆங் சானின் படை. ஏப்ரல் 24இல் நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பியது, மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷார் திரும்பி வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் ஆச்சி, ஜப்பான் பர்மாவில் புழக்கத்தில் விட்ட ஒரு ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “ராசா மாறினா மாறிட்டுப் போறான். நோட்டு செல்லணும்ல?” பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் அந்த நோட்டு செல்லாது என்று ஆகிவிட்டது. மூன்று வருஷம் அரிசி விற்றவன், கூலி வாங்கியவன், பெட்டியில் சேர்த்தவன், பர்மாக்காரன், தமிழன் எல்லோரிடமும் மிஞ்சியது வெறும் காகிதம். அப்பச்சி ஊர் திரும்பியபோது அதில் ஒரு கட்டைக் கொண்டுவந்தாராம். “எதுக்கு?” என்று கேட்டேன். “கணக்குக் காட்டணும்ல தம்பி” என்றார்கள்.

நாம் பர்மா என்றாலே தேக்குத் தூணையும் மாளிகையையும்தான் பேசுகிறோம். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்ட கால்வாசி நிலம் 1930களின் கடைசியில் செட்டியார் வட்டிக்கடைகள் கையில் இருந்தது. அது எப்படி வந்தது, உழுதவன் என்ன நினைத்தான், நிலத்தை அரசுடைமையாக்கிய 1948 சட்டத்தை அங்கே ஏன் அவ்வளவு பேர் வரவேற்றார்கள் என்பதையும் இதே கண்காட்சியில் சொல்லத்தான் வேண்டும். ஆச்சிக்கு அதில் மறுப்பில்லை. “எழுதுங்க, ரெண்டு பக்கமும் எழுதணும்” என்றார்கள். எழுதுவோம், ஆச்சி. இது உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இனி மூலக் காகிதம் எதுவும் வெளியே வராது, நகல் மட்டுமே. வரும் ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வீட்டு வளவிலேயே மறுபடி திறக்கிறோம். செருப்பைத் திண்ணைக்குக் கீழேயே விட்டுவிட்டு வாருங்கள், தரை அழுக்கானால் ஆச்சியிடம் திட்டு வாங்குவது நாங்கள்தான்.