வலது தோளுக்காக ஒரு நன்றி மடல்

என் வலது கையை மீட்டுத் தந்த அனைவருக்கும் வணக்கம்.

பதினொரு மாதங்களுக்கு முன் கரும்பலகையின் மேல் வரியை அழிக்கக் கை தூக்கியபோது சுரீரென்று பிடித்த வலி, சில வாரங்களில் சட்டை மாட்டவும் பின்பாக்கெட்டிலிருந்து பணப்பையை எடுக்கவும் முடியாத நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்தியது. அசைக்காமல் வைத்திருந்தால் ஆறிவிடும் என்று நானாகவே முடிவுசெய்து, மூன்று வாரம் கையைத் துணியில் தொட்டில் கட்டித் தொங்கவிட்டதுதான் நான் செய்த பெரும் பிழை; இறுக்கம் அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

முதல் நன்றி எலும்பு மருத்துவர் ஐயாவுக்கு. எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியாதபோதும் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாமல், நானே தூக்கினாலும் அவர் பிடித்துத் தூக்கினாலும் கை ஒரே இடத்தில் முட்டி நிற்பதைக் காட்டி, தசைநார் மட்டும் கிழிந்திருந்தால் பிறர் தூக்கும்போது கை பெரும்பாலும் மேலே போய்விடும் என்றும், எனக்கு மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கிவிட்டது என்றும் பொறுமையாக விளக்கினார். 1934-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கோட்மன் ‘உறைந்த தோள்’ என்று பெயரிட்ட இந்த நோய் 40 முதல் 60 வயதுக்குள் மிகுதியாக வருமாம். சர்க்கரை நோயாளிகளை இன்னும் எளிதில் பிடிக்குமாம். 52 வயதும் எட்டு ஆண்டுச் சர்க்கரையும் உள்ள நான் வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

இயன்முறை மருத்துவர் அம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று நெடுநாள் யோசித்தேன். முதல் நாளே கோணமானியை என் தோளில் வைத்து, கை முன்பக்கம் உயர்வது 85 பாகை, வெளிப்பக்கம் திரும்புவது 10 பாகை என்று குறித்துக்கொண்டு, ‘மாதக் கணக்கில் ஆகும், நடுவில் நின்றுவிடாதீர்கள்’ என்றீர்கள். பத்தே நாளில் சரியாகும் என்ற சொல்லை வேறிடத்தில் கேட்டு ஏமாந்திருந்த எனக்கு, அந்த நேர்மையே பாதி மருந்தாக இருந்தது. மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து வலக்கையை ஊசல்போல் ஆட்டும் பயிற்சி முதலில் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றியது. அதுவும் அதே கோட்மனின் பெயரால் வழங்குவது என்பதைப் பின்னரே அறிந்தேன். வலி மிகுந்த அந்தத் தொடக்கக் காலத்தில் நீங்கள் ஒருமுறைகூடக் கையை வலிந்து இழுக்கவில்லை. வெந்நீர் ஒத்தடம், ஊசல், அதன்பின் மெதுவான இழுவை என்ற வரிசையையும், செய்தபின் எழும் வலி நெடுநேரம் தணியாவிட்டால் மறுநாள் அளவைக் குறைக்க வேண்டும் என்ற கணக்கையும் எனக்குப் பழக்கிவிட்டீர்கள்.

பக்கத்துக் கப்பியில் கயிறு இழுத்துக்கொண்டே எனக்கும் சேர்த்து உரக்க எண்ணிய பெரியவரே, நான் ஏழில் நிறுத்தினால் நீங்களும் ஏழில் நின்று என்னைப் பார்த்தது நினைவிருக்கிறதா? அந்தப் பார்வைக்கு அஞ்சியே பல நாள் பத்தை முடித்தேன்.

என் வகுப்புகளில் பலகையின் மேற்பாதியை எழுதித் தந்த சக ஆசிரியருக்கும், இரவில் புரளும்போதெல்லாம் விழித்துக் கைக்கடியில் தலையணையைச் சரிசெய்த என் மனைவிக்கும் பட்ட கடன் பெரிது. சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறும் பயிற்சியின்போது, நான் தொட்ட உயரத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியவள் என் மகள். அவற்றில் ஆறு கோடுகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அந்த ஆறு வாரங்களில்தான் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஏழாவது கோடு மூன்று விரற்கடை மேலே விழுந்தது.

சென்ற வாரக் கணக்குப்படி முன்பக்கம் 160 பாகை, வெளிப்பக்கத் திருப்பம் 60. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது மட்டும் இடுப்புவாரைத் தாண்ட இன்னும் மறுக்கிறது. அம்மா, நீங்கள் கொடுத்தனுப்பிய மஞ்சள் ரப்பர் பட்டை இப்போது எளிதாக இழுபடுகிறது. வரும் திங்கட்கிழமை அதைத் திருப்பித் தந்துவிட்டு, அதைவிட இறுக்கமான சிவப்பை வாங்கிக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் ஆசிரிய நோயாளி