சுருக்குப் பாவாடையும் உள்மடிப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் மகளிர் பகுதியில் வீட்டுத் தையலுக்கும் இடம் தருமாறு வேண்டுகிறேன். சுருக்குப் பாவாடையிலிருந்தே தொடங்கலாம். குடியாத்தம் கைத்தறிப் பருத்தியானாலும், வெட்டுமுன் நனைத்து உலர்த்தாவிட்டால் பின்னர் சுருங்கிவிடும். இடுப்புச் சுற்றளவைப் போல் இரு மடங்கு அகலம் எடுத்து, மேல் விளிம்பில் பெரிய தையலாக இரண்டு வரிசை ஓட்டி, முனைகளை முடிச்சிடாமல் விட்டு, தையல் இயந்திரத்தின் அடிநூலான பாபின் நூல்களை மட்டும் மெல்ல இழுத்தால் சுருக்கம் சீராக விழும். ஒரே வரிசையில் அது ஓரிடத்திலேயே குவிந்துவிடும். பிறகு இடுப்புப் பட்டியை இணைக்கலாம்.

சிறுமியர் பாவாடையின் அடியில் உள்மடிப்பு வைத்துத் தைத்து, அவர்கள் வளர வளரப் பிரித்து நீளம் கூட்டும் நல்வழக்கம் ஆயத்த ஆடைகளால் அருகிவருவது எனக்குப் பெரும் வருத்தம். அந்த மடிப்பின் அளவையும் படத்துடன் விளக்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, காட்பாடி