பேனா எங்கே இரண்டாகிறது?

கண்ணு,

இந்தக் கடிதத்தை நீயே படிக்காதே. அறையில் கூட இருக்கிறவளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேள். பாதி இன்றைக்கு, மீதி நாளைக்குக் கேட்டாலும் போதும்.

நேற்று போனில், "கண் டாக்டர் எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாரும்மா, எனக்குத்தான் மனசு சரியில்ல போல" என்றாயே, அதற்கப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. தலையில் அடிபட்டு மூன்று வாரமாகியும் படித்தால் வரி தாவுகிறது, லேப்டாப்பைப் பார்த்தால் நெற்றி வலிக்கிறது, ட்யூப்லைட் கூசுகிறது. இதில் மனசு எங்கே வந்தது?

நீ ஹாஸ்டலில் இருந்தபோது நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். லேசான அடி என்று உன்னிடம் பூசி மெழுகிவிட்டேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஆனால் நூல் கோக்க உட்கார்ந்தால் ஊசியின் காது இரண்டாகத் தெரியும். எந்தக் காதில் நூலை விட? ஒரு கண்ணை மூடினால் சட்டென்று ஒன்றாகிவிடும். கண் பரிசோதனைக்குப் போனேன், போர்டில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். 6/6, அதாவது பார்வையில் குறையே இல்லை. "வயசாகுதில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். உன் அப்பாவும் அதையேதான் சொன்னார். நாலு மாதம் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பார்த்த டாக்டர் போர்டுப் பக்கமே போகவில்லை. பேனா முனையை மெல்ல என் மூக்கை நோக்கிக் கொண்டுவந்து, "ரெண்டா தெரிஞ்சா சொல்லுங்க" என்றார். ஏறக்குறைய 6 செ.மீ. கிட்டத்தில் வரும்வரை ஒன்றாகவே தெரிய வேண்டுமாம். எனக்கு 15-லேயே பிரிந்துவிட்டது. போர்டில் படிப்பது 6 மீட்டர் தூரத்துப் பார்வைக்கு, அதுவும் ஒவ்வொரு கண்ணாக. கிட்டத்தில் படிக்கவோ இரண்டு கண்ணும் சேர்ந்து உள்பக்கம் திரும்ப வேண்டும், உள்ளே இருக்கும் லென்ஸும் அதற்கேற்ப மாற வேண்டும். கண்ணுக்கு ஆறு தசை, அவற்றை ஓட்ட மூளையிலிருந்து மூன்று நரம்பு. தலை குலுங்கினால் இந்த ஒத்திசைவு கலைந்துபோகும். மாடு இரண்டும் நல்ல மாடுதான், நுகத்தடிக் கட்டு தளர்ந்திருக்கிறது. பயிற்சி கொடுத்தார், இரண்டு மாதத்தில் ஊசிக்காது ஒன்றானது.

அதனால் திரும்பப் போ. கன்கஷன், அதாவது அடிபட்டு மூளை குலுங்கியதை, முதலில் சொல். கிட்டப் பார்வையில் இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா, ஃபோகஸ் சரியாக மாறுகிறதா, கண் வரிக்கு வரி ஒழுங்காக நகர்கிறதா என்று பார்க்கச் சொல். சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்க்கட்டும். புதுப் பவர் கண்ணாடிக்கு அவசரப்படாதே. பெரும்பாலானவர்களுக்குச் சில வாரத்தில் தானாகவே சரியாகிவிடும், மிச்சம் நிற்பதற்குத்தான் பயிற்சி, சிலருக்கு இரண்டாகத் தெரிவதை ஒன்றாக்கும் பிரிஸம் கண்ணாடி.

வீட்டுக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு உட்காருகிறாயாமே, கழற்று. நானும் அதைச் செய்தவள்தான். கண் இருட்டுக்குப் பழகப் பழக, கூச்சம் கூடும். வெயிலில் மட்டும் போட்டுக்கொள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வெடுத்தது சரி, வாரக்கணக்கில் இருட்டறையில் கிடக்கத் தேவையில்லை. பத்து நிமிஷம் படி, வலி ஏறும் முன்பே நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தூரத்தில் பார். இரட்டையாகத் தெரிந்தால், அது நிற்கும்வரை வண்டியைத் தொடாதே.

தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகத் தெரிந்தாலோ, கண்ணுக்குள் மின்னல் வெட்டினாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் மறைத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதே. நடுராத்திரி ஆனாலும் எமர்ஜென்சிக்குப் போய்விடு. வாசிக்கிற பெண்ணே, இதை நீயும் ஞாபகம் வைத்துக்கொள்ளம்மா.

பதிலை டைப் அடிக்காதே, பேசி அனுப்பு. டாக்டர் பேனாவைப் பிடித்துப் பார்த்தாரா, எத்தனை செ.மீ.யில் பிரிந்தது, அதை முதலில் சொல்.

அம்மா