மூணு நிமிஷத்துல சொல்லு பாப்பா

பாப்பா,

போன் பண்ணா லேப்ல இருக்கேன்பா அப்புறம் பேசுறேன்னு வச்சிடுற, அந்த அப்புறம் வர்றதே இல்ல, அதான் உக்காந்து டைப் பண்றேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோ, இந்த போன் கீபோர்டு எனக்கு இன்னும் பழகல.

பக்கத்து யுனிவர்சிட்டில ஓபன் டேன்னு வச்சாங்க, யார் வேணா உள்ள போய் பாக்கலாம்னு. இத்தனை வருஷமா அந்த காம்பவுண்டு சுவர ஒட்டித்தான் வாக்கிங் போறேன், உள்ள கால் வச்சதில்ல. கேட்ல யாராவது நீங்க யாருன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு ஒரு கூச்சம். போனா ஒருத்தரும் கேக்கல.

அங்க மூணு நிமிஷ தீசிஸ்னு, பிஎச்டி பசங்க தங்களோட ஆராய்ச்சிய சொல்ற ஒரு போட்டி. உனக்கு தெரிஞ்சிருக்கும், எனக்கு புதுசு. 2008ல ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்து யுனிவர்சிட்டில ஆரம்பிச்சதாம். அப்ப அங்க கடுமையான வறட்சி, தண்ணிய மிச்சம் புடிக்க ஜனங்க பாத்ரூம் சுவத்துல மூணு நிமிஷ டைமர் மாட்டி வச்சி அதுக்குள்ள குளிச்சிட்டு வந்திருக்காங்க, அத வச்சித்தான் அங்க ஒரு டீனுக்கு இந்த யோசனையே வந்துச்சாம். 80,000 வார்த்தை தீசிஸ வாசிச்சா 9 மணி நேரம் ஆகும், அத 3 நிமிஷத்துல சொல்லணும். ஒரே ஒரு ஸ்லைடு, அதுவும் அசையக்கூடாது.

ஏரி தண்ணிய பத்தி ஒரு பையன் பேசினான். மைக் புடிச்ச கை நடுங்குது. வயல்லேர்ந்து வழிஞ்சு வர்ற உரம், வீட்டு சாக்கடை, ரெண்டுலயும் பாஸ்பரஸ் இருக்கு, அதுதான் பாசிக்கு தீனி, பாசி செத்து மக்கும்போது தண்ணில இருக்கற ஆக்சிஜன் தீந்து போகுது, அதனாலதான் மீன் செத்து மிதக்குதுன்னு சொல்லிட்டு வரும்போதே மணி அடிச்சிட்டாங்க. பாதி வாக்கியத்துல நின்னுட்டான். பரிசு வேற யாருக்கோ போச்சு. ஆனா எனக்கு புரிஞ்சது அவன் சொன்னதுதான். நீ நாலு வருஷமா என்ன பண்றேன்னு யாராவது கேட்டா கெமிஸ்ட்ரில ஏதோ ரிசர்ச்னு சொல்லி சமாளிக்கிறேன், அது அப்பதான் உறைச்சது.

அப்புறம் ஏரி தண்ணி எவ்வளவு தெளிவா இருக்குன்னு அளக்க ஆள் வேணும்னு கரையோரத்து ஜனங்கள கூப்பிட்டு கூட்டம் போட்டாங்க. அங்கதான் வில்லங்கம். ஒரு பெரியவர் எந்திரிச்சு, ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி பசங்க வந்தாங்க, வீடு வீடா உக்காந்து நாப்பது கேள்வி கேட்டாங்க, கையெழுத்து வாங்கினாங்க, போனவங்க போனவங்கதான், என்ன கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லலன்னு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். கூட்டம் நடத்தின ப்ரொபசரம்மா மறுத்துப் பேசல. நியாயம்தாங்க ஐயா, இந்த தடவ எங்க ஆராய்ச்சி பேப்பர் வர்றதுக்கு முன்னாடியே அளவெல்லாம் உங்க கைல இருக்கும், ஏன்னா அளக்கப்போறதே நீங்கதான்னு சொன்னாங்க. பேச்சு சாமர்த்தியம்தான், இருந்தாலும் நான் பேர் குடுத்துட்டேன்.

அளக்கறது ரொம்ப சுலபம் பாப்பா. சாப்பாட்டு தட்டு மாதிரி 20 சென்டிமீட்டர்ல ஒரு வட்டம், நாலா பிரிச்சு கருப்பு வெள்ளை மாத்தி மாத்தி பெயின்ட் அடிச்சிருக்கு. செக்கி தட்டுன்னு பேரு. 1865ல போப்போட கப்பல்ல போய் செக்கிங்கற பாதிரியார் ஒரு வெள்ளைத் தட்ட கடல்ல எறக்கி பாத்தாராம், அவர் வானத்துல நட்சத்திரம் பாக்கறவராம், தண்ணிக்குள்ளயும் பாக்க வந்துட்டார். கயித்துல பத்து சென்டிமீட்டருக்கு ஒரு அடையாளம். படகோட நிழல் விழற பக்கமா மெல்ல விடணும், தட்டு கண்ணுலேர்ந்து மறையற எடத்துல ஒரு அளவு, மேல தூக்கி மறுபடி தெரியற எடத்துல ஒரு அளவு, ரெண்டுக்கும் நடுவுல வர்றதுதான் கணக்கு. நான் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டே பாத்தேன், கூட வந்த பொண்ணு சிரிச்சிட்டு அங்கிள் அத கழட்டுங்க, தண்ணி கலங்கலா இருக்கா உங்க கண்ணாடி கருப்பா இருக்கான்னு எப்படி தெரியும்னு கேட்டுச்சு. உன்ன மாதிரியே வாய்.

எங்களுக்கு வந்தது 60 சென்டிமீட்டர். ஒரு மீட்டர் கூட இல்ல. நான் உடனே ஏரி போச்சுன்னு சொன்னேன், ஒரு நாள் அளவ வச்சி ஒண்ணும் சொல்லக்கூடாது அங்கிள், முந்தாநாள் மழை பேஞ்சுச்சு, மண்ணு கரைஞ்சிருக்கலாம், ஒரு வருஷம் அளந்துட்டு பேசலாம்னுச்சு. இத முன்னாடியே யாராவது சொல்லிக் குடுத்திருந்தா நான் பல விஷயத்துல வாய மூடிக்கிட்டு இருந்திருப்பேன்னு உங்கம்மா சொல்றா.

இப்ப உன் விஷயம். உன் ரிசர்ச் என்னன்னு எனக்கு மூணு நிமிஷத்துல வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. ஸ்லைடு வேணாம். புரியலன்னா திருப்பி கேப்பேன், கோவப்படாத. அப்புறம் நீயும் யார்கிட்டயாவது சாம்பிள் வாங்கிட்டு, கேள்வி கேட்டுட்டு வந்திருந்தேன்னா, திரும்ப போய் சொன்னியான்னு அதையும் சொல்லு.

சனிக்கிழமை மறுபடி அளக்கப் போறேன். தட்டும் கயிறும் இப்ப நம்ம வீட்டுலதான் இருக்கு, கொடில ஈரக்கயித்த போட்டு வச்சிருக்கேன், துணி காயப்போட எடமில்லன்னு அம்மா காலைலேர்ந்து கத்திக்கிட்டு இருக்கா.

அப்பா