தீவுக்குப் போகும் முன் அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அந்தமானிலிருந்து வந்ததும் நீ போனில் கேட்டபோது அம்மா, "நல்லா இருந்துச்சும்மா, நீங்களும் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, உடனே உன் சளி, மாப்பிள்ளையின் நைட் ஷிஃப்ட் என்று பேச்சை மாற்றிவிட்டாள். தனக்குக் கிடைத்த சந்தோஷத்தை விரித்துச் சொல்ல அவளுக்கு வராது. அவள் சொல்லாததை நான் சொல்ல வேண்டும். ஜனவரிக்கு நீ போட்டு அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தபிறகு எழுதாமலும் இருக்க முடியவில்லை. பாதி இடங்களை எடுத்துவிடு கண்ணு. நீல் தீவுக்குக் காலையில் போய் மாலையில் திரும்புவதாகப் போட்டிருக்கிறாய். அங்கே இரண்டு மூன்று ராத்திரியாவது தங்குங்கள்.

முதலில் போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனாலும் ஊரில் எல்லோர் வாயிலும் பழைய பெயர்தான் வருகிறது. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மேப்பை எடுத்துப் பார், நம் தேவனாம்பட்டினத்திலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் ஏறக்குறைய போர்ட் பிளேர் பக்கத்தில்தான் போய் நிற்கும். ஊரில் தமிழ் கேட்காத தெரு குறைவு. வெற்றிமலை முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். எங்கள் டாக்சி டிரைவரும் தமிழர்தான், அவர் தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த குடும்பம். அம்மாவை முதல் நாளே 'அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

செல்லுலார் சிறையைத் தவறவிடாதீர்கள். 1896-ல் கட்டத் தொடங்கி 1906-ல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு கிளைகள். ஒரு கிளையின் அறைக் கதவுகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி இருக்கும். எதிரே இருப்பவன் முகம்கூட ஒருவனுக்குத் தெரியக்கூடாது என்று யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இன்று மூன்று கிளைகள்தான் மிச்சம். கைதிகளை மாடு போலப் பூட்டி எண்ணெய் ஆட்டவைத்த செக்கைப் பார்த்துவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை. எனக்கு நம் கடலூர் சிறை ஞாபகம் வந்தது. 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைப் பிடித்து அங்கேதான் அடைத்தார்கள். கேப்பர் மலைப் பக்கம் போகும்போதெல்லாம் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அந்தமான் சிறைக் கோபுரத்தின் சுவரில் கைதிகளின் பெயர்களைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள், பெரும்பாலும் வங்காளத்துக்காரர்களும் பஞ்சாபிகளும். அவசரப்படாமல் நின்று படியுங்கள். மாலையில் ஒலி ஒளிக் காட்சி உண்டு, அதையும் பாருங்கள்.

ராஸ் தீவுக்கு ஒரு காலைப்பொழுது போதும். இடிந்த சர்ச்சின் சுவர்களை ஆலமர வேர்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன, மான்கள் ஆள் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

ஹேவ்லாக் தீவுக்குப் போகத் தனியார் படகில்தான் டிக்கெட் எடுப்பீர்கள். சீக்கிரம் போய்விடும், ஏசியும் உண்டு. ஆனால் ஒரு தடவையாவது அரசாங்கக் கப்பலில் போங்கள். மெதுவாகப் போகும், அதனால்தான் சொல்கிறேன். மேல்தளத்தில் காற்றில் நிற்கலாம். நாங்கள் அப்படி நிற்கும்போது தண்ணீரிலிருந்து ஒரு கூட்டம் மீன் சடாரென்று எழும்பி, வெள்ளி வெள்ளியாகப் பறந்துபோய் மறுபடி தண்ணீரில் விழுந்தது. அம்மா என் கையைப் பிடித்து, "ஏங்க, கோலாங்க!" என்றாள். எத்தனை வருஷம் அலசிக் குழம்பு வைத்திருக்கிறாள், உயிரோடு பறந்து பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் கழித்து, "ஆயாகிட்ட சொல்லணும் போல இருக்கு" என்றாள்.

எந்த ஆயா என்று உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. தேவனாம்பட்டினத்திலிருந்து நம் வீட்டுக்குக் கூடையில் மீன் கொண்டுவருவார். கோலா சீசனில் உனக்கென்று ஒன்றிரண்டு சேர்த்துப் போடுவார். 2004 டிசம்பர் 26 அன்று போய்விட்டார். நம் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போன நாள் அது. அதற்குப் பிறகு அம்மா சில்வர் பீச்சுக்கு வந்தால் சவுக்கு மர நிழலோடு நின்றுவிடுவாள், ஈர மணலில்கூடக் கால் வைக்கமாட்டாள். நம் பக்கத்துக் கடலும் சாதுவானது இல்லை, இறங்கினால் சட்டென்று ஆழம், இழுப்பு வேறு. நானும் அவளை வற்புறுத்தியதில்லை.

அந்தமானுக்கும் அந்த நாள் இருக்கிறது. போர்ட் பிளேருக்கு வெளியே சிப்பிகாட் என்ற இடத்தை டிரைவர் காட்டினார். பூகம்பத்தில் தரையே ஒரு மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கி, நெல் வயல்களுக்குள் கடல் வந்துவிட்டதாம். இன்னும் தண்ணீர் நிற்கிறது. அம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, அவர் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று ஒவ்வொருவராக விசாரித்தாள். அவரும் நம் ஊரில் என்ன நடந்தது என்று கேட்டார். சுற்றுலா வந்தவர்கள் பேசும் பேச்சா இது என்று உனக்குத் தோன்றலாம். எனக்கு அந்தப் பேச்சு முக்கியமாகப் பட்டது. அன்று ராத்திரி அம்மா நன்றாகத் தூங்கினாள்.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை. டைம் பத்திரிகை 2004-ல் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். வானத்தைத் தொடும் மரங்கள், அதை ஒட்டி வெள்ளை மணல், அதற்கப்புறம் தண்ணீர். அது மேற்கே பார்த்த கரை. கடலூர்க்காரர்கள் நாம் சூரியன் தண்ணீரிலிருந்து எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அது மறையும் பக்கத்தில் அலை இருப்பது எனக்கு இந்த வயதில் புதுசு. ஒன்று கவனம், அங்கே சீக்கிரம் இருட்டிவிடும். கடிகாரம் நம் நேரத்தையே காட்டினாலும் இடம் அவ்வளவு கிழக்கே இருக்கிறது. நாங்கள் போன மாசியில் 5.30 மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிட்டது, ஜனவரியில் இன்னும் முன்னால். மதியச் சாப்பாட்டை முடித்ததும் கிளம்பிவிடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகைகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் வேண்டாம். குளிக்க அனுமதித்த இடத்தை விட்டு மாப்பிள்ளை நீந்தக் கிளம்பினால் தடுத்து நிறுத்து.

சரி, நீல் தீவுக்கு வருகிறேன்.

சின்னத் தீவு. அந்தக் காலத்துக் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து குடியேறிய வங்காளிக் குடும்பங்கள் விவசாயம் செய்கின்றன. எங்கே பார்த்தாலும் காய்கறித் தோட்டம். போர்ட் பிளேர் சந்தைக்கே இங்கிருந்துதான் காய் போகிறது. அம்மா முதல் நாள் முழுக்கக் கத்தரி, புடலை பார்த்துக்கொண்டே நடந்தாள். பரத்பூர் கடற்கரையில் அலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பவளப்பாறைகள் தடுத்துவிடுவதால் கரையோரம் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அன்று அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். மறுநாள் கணுக்கால் வரை நின்றாள். நீ போட்டதுபோல் ஒரே பகலில் திரும்பியிருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும் பாப்பா. அதற்கடுத்த நாள் காலை, நான் கேட்காமலேயே, நீ பையில் வைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்து, "அந்தக் கண்ணாடிய மாட்டிவிடச் சொல்லுங்க" என்றாள்.

லைஃப் ஜாக்கெட் போட்டு, மிதவை வளையத்தைப் பிடிக்கவைத்து, ஒரு வங்காளிப் பையன் மெல்ல இழுத்துக்கொண்டு போனான். நான் பக்கத்திலேயே இருந்தேன். முதலில் குழாயில் மூச்சுவிடத் தெரியாமல் உப்புத் தண்ணீரைக் குடித்து இருமினாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை. மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவள் எடுக்கவே இல்லை. பவளத்தின் இடுக்கில் கிளிமீன்கள், வாயைத் திறந்து மூடும் பெரிய சிப்பி, மணலில் கடல் அட்டை. தலையை நிமிர்த்தும்போதெல்லாம் எனக்கு ஒன்றைக் காட்டுவாள். முகமெல்லாம் கண்ணாடியின் தடம். கல்யாணமான புதிதில் பாடலீஸ்வரர் கோயில் தேர் பார்க்கக் கூட்டத்தில் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாளே, அந்தப் பெண்ணை மறுபடி பார்த்தேன். கரையேறியதும் தலையைத் துவட்டிக்கொண்டே, "அங்க இருக்கிறதும் இதே தண்ணிதானேங்க" என்றாள். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதற்காகத்தான் மூன்று ராத்திரி என்கிறேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை வேலை என்று ஓடி ஓடிப் பழக்கம். அங்கேயும் ஓடினால் போட்டோதான் மிஞ்சும்.

லட்சுமண்பூரில் பாறை பாலம்போல் வளைந்து நிற்கும் இடத்துக்கு நீர் வற்றும் நேரத்தில்தான் நடந்து போக முடியும். தங்குமிடத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். பவளம் உயிருள்ளது, மேலே மிதிக்கக்கூடாது. கரையில் ஒதுங்கிக் கிடக்கிறதே என்று ஒரு துண்டுகூட எடுக்காதீர்கள், சட்டப்படி குற்றம்.

பாராட்டாங் சுண்ணாம்புக் குகையை உன் திட்டத்தில் பார்த்தேன். நாங்கள் போகவில்லை. அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகும், போட்டோ எடுக்கத் தடை. குகை நன்றாகவே இருக்கலாம், ஆனால் வண்டியில் போகிறவர்களில் பாதிப் பேர் ஜன்னலில் தேடுவது அந்த மனிதர்களைத்தான். அவர்கள் வீட்டு வாசல் வழியாக நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதில் எனக்குச் சம்மதமில்லை. நீங்களும் யோசியுங்கள். அந்த நாளை நீலுக்குக் கொடுத்துவிடலாம்.

அம்மா இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து படித்துவிட்டு, "இவ்வளவா எழுதுவாங்க" என்றாள். ஆனால் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: தண்ணீரில் குப்புறக் கிடந்தால் நேரம் போவதே தெரியாது, முதுகு வெந்துவிடும், முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள். டிக்கெட் எடுத்ததும் தேதியை அனுப்பு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா
கடலூர்