வுட்ஹவுஸைச் சுருக்காதீர்கள்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள பதிப்பாளர்களே, மொழிபெயர்ப்பாளர்களே,

வணக்கம். ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி.ஜி. வுட்ஹவுஸைத் தமிழில் கொண்டுவரும் எண்ணம் உங்களில் யாருக்காவது இருந்தால், எங்கள் முதல் வேண்டுகோள் இதுதான்: சுருக்காதீர்கள். முந்நூறு பக்கத்தை நூற்றைம்பதாக்கினால் விலை குறையும், சரி. சிரிப்பும் கூடவே போய்விடும். "கதை என்று என்ன இருக்கிறது, பணக்காரப் பிள்ளைகளின் அசட்டுத்தனம்தானே" என்ற நினைப்பில்தான் கை கத்தரிக்கோலைத் தேடுகிறது. ஒரு நாவலைத் தொடங்கும் முன் சுமார் 400 பக்கம் குறிப்பு எழுதுவதாகச் சொன்ன மனிதர் அவர். இத்தனைக்கும் பிறகு புத்தகத்தில் மிஞ்சியது எதுவும் உபரி இல்லை.

1934இல் வந்த 'ரைட் ஹோ, ஜீவ்ஸ்' நாவலைப் பாருங்கள். கஸ்ஸி ஃபிங்க்-நாட்டில் என்ற இளைஞன் ஆரஞ்சுச் சாறு தவிர வேறெதுவும் குடிக்காதவன், நியூட் என்ற சின்ன நீர்நில உயிரியை வளர்ப்பவன். (நியூட்டைப் பல்லி என்று எழுதிவிடாதீர்கள். அது தவளைக்குத்தான் சொந்தம்.) மார்க்கெட் ஸ்னாட்ஸ்பரி பள்ளியில் அவன் பரிசு வழங்கிப் பேச வேண்டும்; மேடை என்றாலே நடுக்கம். தைரியம் வரட்டும் என்று அவன் நண்பனும் நமக்குக் கதை சொல்பவனுமான பெர்டி வூஸ்டர் அவனது சாற்றில் ஜின் கலக்கிறான். பெர்டியின் பணியாளர் ஜீவ்ஸும் தன் பங்குக்குக் கலக்கிவைக்கிறார். கஸ்ஸியோ அதற்கு முன்பே தானாக விஸ்கியில் இறங்கிவிட்டான். ஆக மூன்று தவணை. "குடிக்கிற காட்சி திரும்பத் திரும்ப வருகிறது" என்று ஒன்றை வெட்டினால், மேடைப் பேச்சு வெறும் குடிகார உளறலாகிவிடும். மூன்றையும் எண்ணிக்கொண்டே வந்த வாசகருக்கோ, அவன் வாயைத் திறக்கும் முன்பே வயிற்றைக் கலக்கும். வேதாகமப் பாடத்தில் பரிசு வாங்க வரும் சிறுவனைப் பார்த்து, நீ காப்பியடித்தாய்தானே என்று அவன் கேட்கும் இடம் அப்படிச் சேர்த்துவைத்ததன் வட்டி.

1938இல் வந்த 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்' இன்னும் இறுக்கமான பின்னல். ஒரு வெள்ளிப் பசு, ஒரு குறிப்பேடு, ஒரு போலீஸ்காரரின் தொப்பி. பெர்டி பசுவைத் திருடாவிட்டால் அவனுக்கு டாலியா அத்தை வீட்டில் சமையல்காரர் அனடோலின் சாப்பாடு இனிக் கிடையாது. திருடினால் ஜெயில். குறிப்பேடு தவறான கையில் சிக்கினால் கஸ்ஸியின் நிச்சயதார்த்தம் முறியும். முறிந்தால் கஸ்ஸிக்கு நிச்சயமான மேடலின் பாசெட்டைப் பெர்டியே கட்டிக்கொள்ள வேண்டியதுதான். எந்த நூலை உருவினாலும் முழுத் துணியும் கையோடு வந்துவிடும். கஸ்ஸியும் மேடலினும் முந்தைய நாவலிலிருந்து வருகிறவர்கள். எனவே 1934 நாவலை முதலில் போடுங்கள். அந்தப் பசுவையும் 'பசு பொம்மை' என்று முடித்துவிடாதீர்கள். முதுகு மூடியைத் திறந்து பாலாடையை ஊற்றி, வளைந்த வாலைப் பிடித்துச் சாய்த்தால் வாய்வழியே ஊற்றும் பாத்திரம் அது. அதன் அவலட்சணம் கண்ணில் தெரிந்தால்தான், அதற்காகப் பெரிய மனிதர்கள் அடித்துக்கொள்வது சிரிப்பாகும்.

இனி மொழி. ஜீவ்ஸைப் பட்லர் ஆக்காதீர்கள். அவர் வேலட்: ஒருவரின் உடை, பயணம், காலைத் தேநீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவர். பட்லர் என்பவர் வீட்டுக்குப் பொறுப்பாளர். வுட்ஹவுஸின் வேறு கதைகளில் வரும் பிளாண்டிங்ஸ் மாளிகையின் பீச் அப்படிப்பட்டவர். அதோடு நம்மூரில் 'பட்லர்' என்றதும் பட்லர் இங்கிலீஷ் நினைவுக்கு வரும். ஷேக்ஸ்பியரையும் ஸ்பினோசாவையும் படிக்கிற மனிதருக்கு அது அநியாயம்.

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி நம்மிடம் உண்டு, இரட்டை வழக்கு. பெர்டிக்குப் பேச்சுத் தமிழ், ஜீவ்ஸுக்கு இலக்கணம் பிசகாத எழுத்துத் தமிழ் என்று வைத்துப் பாருங்கள். பெர்டி எப்போதும் மேற்கோளில் பாதியை மறப்பவன், ஜீவ்ஸ் முடித்துவைப்பவர்:

"அந்தப் பூனை என்ன பண்ணுச்சு ஜீவ்ஸ்? மீன் வேணும், ஆனா கால்..."

"நனையக் கூடாது என்று கரையிலேயே நின்றுவிட்டது, சார். மேக்பெத்தில் குறிப்பிடப்படுகிறது."

இது மூலத்தின் வரி இல்லை, மாதிரிக்கு நாங்கள் எழுதிப் பார்த்தது. ஷேக்ஸ்பியரைத் தூக்கிவிட்டுத் திருக்குறளை வைக்கும் ஆசை வரும். வேண்டாம், இங்கிலாந்து இங்கிலாந்தாகவே இருக்கட்டும்.

'யூ' என்பதற்கு எங்கள் யோசனை: பெர்டி ஜீவ்ஸை நேரில் 'நீ' என்று அழைக்கட்டும், நமக்குக் கதை சொல்லும்போது 'அவர்' என்று எழுதட்டும். முகத்துக்கு நேரே எஜமான், முதுகுக்குப் பின்னால் பக்தன். அவர்கள் உறவே அதுதான். ஜீவ்ஸ் வாயில் 'சார்' போதும், 'எஜமான்' வந்தால் பழைய சினிமா ஆகிவிடும். டாலியாவும் அகதாவும் பெர்டியின் அப்பாவோடு பிறந்தவர்கள், ஆகவே அத்தைகள், 'ஆன்ட்டி' வேண்டாம். டாலியா வேட்டைக் களத்தில் கத்திப் பழகியவர், அவர் "டேய்" என்று அழைப்பதே பொருத்தம்.

அதிகம் தடுக்குவது இடம் மாறும் அடைமொழி. யோசிப்பது பெர்டி, ஆனால் 'யோசனையான' என்ற சொல் அவன் கரண்டியில் ஏந்திய சர்க்கரைக் கட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். "யோசித்தபடி சர்க்கரையை எடுத்தான்" என்று திருத்தினால் வாக்கியம் ஒழுங்காகும், நகைச்சுவை செத்துவிடும். யோசனை சர்க்கரையிலேயே இருக்கட்டும்; மெய்ப்புத் திருத்துபவரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அடிக்குறிப்பு அவசியமான ஓர் இடம் உண்டு. 'தி கோட் ஆஃப் தி வூஸ்டர்ஸ்' நாவலில் வரும் ரோடரிக் ஸ்போட் என்ற முரடனின் படை கறுப்பு அரைக்கால் சட்டை அணியும். முழுச் சட்டைகளெல்லாம் ஏற்கெனவே மற்றவர்களுக்குத் தீர்ந்துவிட்டனவாம். இந்தக் கேலியின் இலக்கு, 1932இல் பிரிட்டனில் பாசிசக் கட்சி தொடங்கிய ஆஸ்வால்ட் மோஸ்லி. அவரது ஆட்களின் சீருடை கறுப்புச் சட்டை. தமிழ்நாட்டில் அந்த நிறச் சட்டைக்கு வேறோர் இயக்கத்தின் வரலாறு இருப்பதால், இரண்டு வரி விளக்கம் இல்லாவிட்டால் வாசகர் முற்றிலும் தவறான ஆளைப் பார்த்துச் சிரிப்பார்.

உரிமை விஷயம்: வுட்ஹவுஸ் இறந்தது 1975 பிப்ரவரியில். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு, அதாவது 2035 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. முறையாக எழுதி அனுமதி வாங்குங்கள். வாங்கும்போது முழு நூலுக்கே வாங்குங்கள்.

இப்படிக்கு,
வுட்ஹவுஸ் வாசகர்கள் சிலர்