சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

வயலில் நின்றபடியே என்னைக் கூப்பிட்டு, "மெட்டல் டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் போலிருக்கிறது" என்றாய். கருவியின் மேல் குற்றம் இல்லை. அந்தக் கூச்சலில் பாதிக்கு நீ கையில் பிடித்திருந்த கைபேசியே காரணம். மீதிப் பாதி, சென்சிட்டிவிட்டியை, அதாவது கருவியின் உணர்திறனை, உச்சத்தில் ஏற்றி வைத்ததால் வந்தது. நேரில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று நடுவிலேயே வெட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வேலையாக, கருவியைத் தொழிற்சாலை அமைப்புக்கே திருப்பிவிடு. நீ மாற்றிய மாற்றத்தில் எது எங்கே நிற்கிறது என்று உனக்கே தெரிந்திருக்காது. கைபேசியைக் காரிலேயே வை, அல்லது ஏரோபிளேன் மோடில் போடு. காயிலுக்கு, அதாவது தண்டின் அடியில் தரையைத் தேடும் வட்டுக்கு, போகும் ஒயரைத் தண்டோடு இறுக்கிச் சுற்று. அது தொளதொளவென்று ஆடினால்கூடப் பொய்யான சத்தம் வரும். வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸும் வேண்டாம். ஒவ்வொரு வீச்சிலும் உன் காலையே கண்டுபிடித்துக் கொடுக்கும்.

சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் ஆழத்தில் கிடப்பதெல்லாம் அகப்படும் என்று நினைக்கிறாய். கூட்டக் கூட்ட மண்ணில் கலந்திருக்கும் இரும்புத் தாதும், மேலே போகும் மின்கம்பியும், மாடுகளுக்குக் கட்டிய மின்வேலியும் சேர்ந்து பேச ஆரம்பிக்கும். அந்த இரைச்சலில் ஆழத்துக் காசின் மெல்லிய ஒலி அமுங்கிப்போகும். காயிலைத் தரைக்குச் சற்று மேலே பிடித்து அசையாமல் நில். சத்தம் வந்தால் ஒரு படி இறக்கு. கருவி அமைதியாகும் வரை இறக்கிக்கொண்டே வா. அமைதியான இடம்தான் அன்றைய நாளுக்கு, அந்த வயலுக்கு, உன் அளவு. நாளை வேறு வயலுக்குப் போனால் மறுபடியும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். உன் கருவியில் ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதிர்பார்க்காதே. காயிலைத் தரையோடு ஒட்டி, மெதுவாக வீசினால் கிடைக்கும் ஆழம், பட்டனை அழுத்தி ஏற்றுவதால் கிடைப்பதைவிட அதிகம்.

கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணின் சொந்தப் பதிலைக் கழித்துவிடும் அமைப்பு, உன் கருவியில் தானாகவே நடக்கிறது என்றாய். நல்லது, அதைத் தொடாதே. நனைந்த கடற்கரை மணலில் மட்டும் அது திணறும், உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால். அதைப் பிறகு பார்ப்போம்.

டிஸ்கிரிமினேஷனில், அதாவது எந்த உலோகத்துக்குக் கருவி சத்தம் போட வேண்டாம் என்று அடைத்து வைப்பதில்தான், எனக்கும் உனக்கும் சண்டை. குப்பை எதுவும் சத்தம் போடக் கூடாது என்று இரும்பு, அலுமினியத் தாள், கேன் வளையம் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கிறாய். நீ இருப்பது இங்கிலாந்தின் நார்ஃபோக். அங்கே வயல்களில் இடைக்கால வெள்ளிப் பென்னிகள் கிடைக்கும். 1279க்கு முன்பு சில்லறைக்காக அவற்றைப் பாதியாகவும் காலாகவும் வெட்டிப் புழங்கினார்கள். அந்தக் கால் துண்டு உன் சுண்டுவிரல் நகத்தளவுதான், காகிதம்போல மெல்லியது. திரையில் அது காட்டும் எண், அலுமினியத் தாளின் எண்ணுக்கு அருகில் வந்து விழும். தாளை அடைத்தால் அதையும் சேர்த்தே அடைத்துவிடுகிறாய். இரும்பை மட்டும் அடை, மற்றதெல்லாம் பேசட்டும். கேன் வளையங்களைத் தோண்டித்தான் ஆக வேண்டும். இந்த விஷயத்தில் குறுக்குவழி சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

எண்ணை மட்டும் பார்த்துத் தோண்டாமல் காதையும் பழக்கு. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தோட்டத்துப் புல்லில் ஒன்றும் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு 2 பென்ஸ் காசுகளைத் தள்ளித் தள்ளி வை. ஒன்று 1980களில் வந்தது, மற்றது 2000க்குப் பிறகு வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒரே நிறம், ஒரே அகலம். பழையது வெண்கலம். புதியது எஃகின் மேல் செம்பு முலாம், 1992இல் மாற்றியது. காந்தத்தைக் காட்டினால் புதியது போய் ஒட்டிக்கொள்ளும். பழையதன் மேல் காயிலை வீசு. எண் உயரே போய் நிற்கும், திரும்பி வீசினாலும் அதே எண், அதே சுத்தமான ஒலி. புதியதன் மேல் வீசினால் பெரும்பாலும் எண் நிலைகொள்ளாது. ஒரு வீச்சில் உச்சம், அடுத்த வீச்சில் இரும்பின் உறுமல். இன்ஜினியரிங் படித்தவனுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காயிலின் காந்தப்புலம் உலோகத்தில் மூட்டும் சுழல் மின்னோட்டம் எவ்வளவு தாமதித்துப் பதில் சொல்கிறது என்பதைத்தான் அந்த எண் காட்டுகிறது. இரும்பு காந்தமாகவும் நடந்துகொள்வதால் பதில் குழம்புகிறது.

வயலில் வளைந்த ஆணியும் இதே வேலையைச் செய்யும். நல்ல ஒலி கேட்டதும் மண்வெட்டியை ஓங்காதே. தொண்ணூறு டிகிரி திரும்பி நின்று குறுக்கே வீசிப் பார். காசு இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே பதிலைச் சொல்லும், ஆணி மாற்றிப் பேசும். சந்தேகம் தீராவிட்டால் தோண்டு. ஒரு நேரத்தில் ஓர் அமைப்பை மட்டும் மாற்று, மாற்றியதை நோட்டில் எழுது.

உனக்குப் பக்கத்திலேயே, சஃபோக்கில், ஹாக்ஸன் என்ற ஊர் இருக்கிறது. 1992 நவம்பரில் ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடப்போன எரிக் லாஸ் என்பவருக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம் ரோமானியக் காசுகள் அகப்பட்டன. எனக்குப் பிடித்தது அவர் அதற்குப் பிறகு செய்ததுதான். கண்ணில் தங்கமும் வெள்ளியும் பட்டதும் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். அதனால் தொல்லியலாளர்கள் வந்து, எது எதற்கு அருகில் எப்படிக் கிடந்தது என்பதைச் சிதையாமல் பதிவு செய்ய முடிந்தது. சுத்தியலும் கிடைத்தது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

ஆகவே நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கு, பங்கு எப்படி என்பதையும் அதிலேயே எழுதிவிடு. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் கருவியை வெளியே எடுக்கவே எடுக்காதே, குற்றம். 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி புதையல் என்று தோன்றுவதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். காசைத் துணியில் போட்டுத் தேய்க்காதே. தோண்டிய குழியை மூடு.

அடுத்த மாதம் வரும்போது என்னுடைய ஹெட்போனைக் கொண்டு வருகிறேன். கடுகுப் பொடி தீர்ந்துவிட்டதா என்று எழுது. வயலில் சேற்றோடு வந்து காரில் ஏறாதே.

அன்புடன்,
அம்மா